கால்மான் காண்டோ

கால்மான் காண்டோ (ஜூலை 10, 1869 – ஜனவரி 13, 1931) அங்கேரி நாட்டைச் சேர்ந்த பொறியாளர் ஆவார். மாறுதிசை மின்னோட்டத்தால் இயங்கும் இருப்புப்பாதைகளின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். ஒருமுனை மின்சாரத்தை வாங்கி, மும்முனை மின்சாரமாக மாற்றித் தரும் சுழல் கட்டமாற்றியை இரயில் எஞ்சினுக்குள்ளேயே பொருத்தி, நாட்டின் பொது மின்வலையில் உள்ள 50 ஏர்ட்சு மின்சாரத்தைக் கொண்டு நெடுந்தொலைவு இரயில்களை இயக்கும் முறையை உருவாக்கியமையே இவரது தலையாய பணியாகும். "ஃபேஸ் கன்வெர்ட்டர்" என்று தொழிற்பட்டறைகளிலும் கிணற்றுப் பம்புசெட்டுகளிலும் இன்று வழங்கும் கருவியும் இதே தத்துவத்தின் வழிவந்ததே.

இளமையும் கல்வியும்

காண்டோ 1869 ஆம் ஆண்டு பெஸ்ட் நகரில் பிறந்தார். அப்பொழுது பெஸ்ட், புடா ஆகியவை தனித்தனி நகரங்களாக இருந்தன. அவை 1873 இல் இணைக்கப்பட்டு புடாபெஸ்ட் ஆயின. புடாபெஸ்டிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1892 இல் இயந்திரப் பொறியாளர் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆஸ்திரிய-அங்கேரியக் கடற்படையில் பணியாற்றிய பின்னர் பிரான்சு சென்று ஃபீவ்-லில் என்னும் தொழிற்சாலையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தார். அங்கே தூண்டல் மின்னோடிகளை வடிவமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் தூண்டல் மின்னோடி மிகப் புதிய கருவியாகும். சுழலும் காந்தப்புலம் பற்றிய ஆய்வை இத்தாலியின் கலிலியோ ஃபெராரிசும், அதற்கான காப்புரிமைகளை நிக்கோலா தெஸ்லாவும் 1888 இல்தான் வெளியிட்டிருந்தனர். மும்முனை மின்சாரத்தை நெடுந்தொலைவுக்கு அனுப்ப முடியும் என்பது 1891 இல் செருமனியின் லாஃபன் – பிராங்க்ஃபுர்ட் மின்தடத்தின் மூலமே உலகுக்குத் தெளிவாயிற்று. இந்தப் புதிய துறையின் தொடக்க நிலையிலேயே காண்டோ அதனுள் நுழைந்தார்.

கான்ஸ் நிறுவனத்தில்

புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலை 1885 இல் மின்மாற்றியை உருவாக்கி உலகப் புகழ் பெற்றிருந்தது. அதன் இயக்குநராக இருந்த ஆந்திராஸ் மெக்வார்ட் 1894 இல் காண்டோவை நாட்டுக்குத் திரும்ப அழைத்தார். கான்சில் தூண்டல் மின்னோடிகளின் உற்பத்தியைத் தொடங்கி வைத்த காண்டோ, விரைவில் அவற்றை இரயில்களில் பயன்படுத்துவது குறித்துச் சிந்திக்கலானார்.

அந்நாளில் மின்சார இரயில் என்றால் நகரத் தெருக்களில் ஓடும் டிராம் வண்டியே ஆகும். அவை குறைந்த மின்னழுத்த நேர்மின்னோட்டத்தில் ஓடின. மின்னழுத்தம் குறைவாக இருந்தால் மின்னோட்டம் அதிகமாக இருக்க வேண்டும். மின்னோட்டம் அதிகமானால் கம்பியில் இழப்பும் அதிகம். ஆகவே சில கிலோமீட்டர்களுக்கு ஒரு மின்நிலையம் தேவைப்பட்டது. நூறு கிலோமீட்டர் நீளமுள்ள பாதைக்கு அம்முறை பொருந்தாது. உயர் மின்னழுத்த மாறுதிசை மின்னோட்டத்தை நேரடியாக எஞ்சினுக்குக் கொடுப்பதே வழி என்று காண்டோ முடிவு செய்தார்.

வால்தெல்லினா இருப்புப்பாதை

வட இத்தாலியில் ஆல்ப்சு மலையடிவாரத்தில் உள்ள வால்தெல்லினா பாதையை மின்மயமாக்கும் பணி கான்ஸ் நிறுவனத்திடம் வந்தது. லெக்கோ, கோலிக்கோ, சோந்திரியோ, கியவென்னா ஆகிய ஊர்களை இணைக்கும் இப்பாதையின் நீளம் சுமார் 106 கிலோமீட்டர் ஆகும். அத்தா ஆற்றின் நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம், சுமார் 3,000 வோல்ட் அழுத்தத்திலும் 15 ஏர்ட்சு அதிர்வெண்ணிலும் மும்முனை மின்சாரமாக வழங்கப்பட்டது. 1902 செப்டம்பரில் இப்பாதை திறக்கப்பட்டது. உயர் மின்னழுத்த மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடிய உலகின் முதல் முதன்மை இருப்புப்பாதை இதுவே.

இம்முறையில் பல நன்மைகள் இருந்தன. தூண்டல் மின்னோடியில் தேய்ந்துபோகும் உறுப்புகள் குறைவு. சரிவில் இறங்கும் இரயிலின் மின்னோடி தானாகவே மின்னாக்கியாக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பியது. ஆனால் ஒரு பெருங்குறையும் இருந்தது. மூன்று முனைகளில் ஒன்றைத் தண்டவாளத்தின் வழியாக அனுப்பினாலும், மற்ற இரண்டுக்கும் தலைக்குமேல் ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிகள் வேண்டும். பாதைகள் பிரிந்து சேரும் நிலைய வளாகங்களில் இவ்விரு கம்பிகளைக் கட்டுவது மிகவும் சிக்கலானதாக இருந்தது. வேகம் கூடக்கூட இச்சிக்கலும் பெருகியது.

இத்தாலியில் பணி

வால்தெல்லினாவின் வெற்றியைக் கண்ட இத்தாலிய அரசு இருப்புப்பாதை நிறுவனம், மேலும் பல மலைப்பாதைகளை மின்மயமாக்க முன்வந்தது. எஞ்சின்கள் இத்தாலியிலேயே செய்யப்பட வேண்டும் என்பதால், வாடோ லிகுரே என்னும் ஊரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் ஒரு தொழிற்சாலையை நிறுவியது. 1907 முதல் காண்டோ அங்குப் பொறியியல் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். இங்கு அவர் வடிவமைத்த ஈ-550 வகை எஞ்சின், ஜெனோவா துறைமுகத்திலிருந்து மலையேறும் ஜோவி பாதையில் புகழ் பெற்றது. நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் உயரும் கடுமையான ஏற்றத்தில், நீராவி எஞ்சின்கள் திணறிய இடத்தில், இவ்வெஞ்சின்கள் சரக்கு வண்டிகளை இழுத்துச் சென்றன. இவ்வகையில் 186 எஞ்சின்கள் கட்டப்பட்டன. இத்தாலியில் மும்முனை இரயில்கள் 1976 வரை ஓடின.

1915 மே மாதத்தில் இத்தாலி, ஆஸ்திரிய-அங்கேரிக்கு எதிராக முதல் உலகப்போரில் இறங்கியது. பகைநாட்டுக் குடிமகனாகிவிட்ட காண்டோ, தாம் உருவாக்கிய தொழிற்சாலையை விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. சிறிது காலம் போர்ப்பணியில் அமர்த்தப்பட்ட அவர், பின்னர் மீண்டும் கான்ஸ் நிறுவனத்தில் இணைந்தார்.

கட்டமாற்றிக்கான தேவை

போருக்குப் பின் 1920 இல் கையெழுத்தான திரியானோன் உடன்படிக்கையால் அங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. உயர்தர நிலக்கரி நாட்டில் அரிதாயிற்று. எஞ்சியிருந்த தரம் குறைந்த பழுப்பு நிலக்கரி நீராவி எஞ்சின்களுக்கு ஏற்றதன்று. ஆனால் அதை அனல்மின் நிலையத்தில் எரித்து மின்சாரம் எடுக்க முடியும். எனவே இருப்புப்பாதையை மின்மயமாக்குவது நாட்டின் பொருளாதாரத் தேவையாக மாறியது.

அக்காலத்தில் செருமனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகள் 16⅔ ஏர்ட்சு என்ற குறைந்த அதிர்வெண்ணில் ஒருமுனை மின்சாரத்தைப் பயன்படுத்தின. திசைமாற்றி பூண்ட மின்னோடிகள் 50 ஏர்ட்சில் தீப்பொறி கக்கிப் பழுதடைந்ததே இதற்குக் காரணம். ஆனால் இம்முறைக்கு இரயிலுக்கெனத் தனி மின்நிலையமும் தனி மின்தடமும் வேண்டும். வறுமையுற்ற சிறிய நாட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்று காண்டோ கருதினார். வீட்டுக்கும் ஆலைக்கும் செல்லும் அதே 50 ஏர்ட்சு மின்சாரத்தை இரயிலுக்கும் பயன்படுத்த அவர் விரும்பினார்.

ஆகவே அவர் முன் இருந்த சிக்கல் இதுதான்: மேலே ஒரே ஒரு கம்பி, அதில் 50 ஏர்ட்சு ஒருமுனை மின்சாரம், ஆனால் சக்கரத்தைச் சுழற்றுவதோ மும்முனைத் தூண்டல் மின்னோடி. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகவே கட்டமாற்றியை அவர் கொண்டுவந்தார். கட்டமாற்றி என்னும் கருத்து அதற்கு முன்பே இருந்தது. ஃபெராரிசின் உதவியாளரான ரிக்கார்டோ ஆர்னோ அதனை ஆராய்ந்திருந்தார். அமெரிக்காவின் நார்ஃபோக்-வெஸ்டர்ன் இருப்புப்பாதையில் 1915 முதல் 25 ஏர்ட்சில் கட்டமாற்றி எஞ்சின்கள் ஓடின. பொது மின்வலையின் 50 ஏர்ட்சு மின்சாரத்தில் அதனை இயக்கிக் காட்டியதே காண்டோவின் தனிச்சிறப்பு.

செயல்படும் முறை

ஒருமுனை மின்சாரம் தரும் காந்தப்புலம் சுழல்வதில்லை. ஒரே கோட்டில் கூடிக் குறைந்து கொண்டிருக்கும். எனவே மும்முனை மின்னோடி ஒன்றுக்கு ஒருமுனை மின்சாரம் மட்டும் கொடுத்தால் அது முனகிக்கொண்டு நிற்குமேயன்றிச் சுழலாது. ஆனால் வேறொரு வழியில் அதை ஒருமுறை சுழற்றிவிட்டால் பின்னர் தொடர்ந்து சுழலும். அவ்வாறு சுழலும்பொழுது, சுழலியில் உண்டாகும் காந்தப்புலம் நிலையியின் ஏனைய சுருணைகளையும் கடந்து செல்கிறது. அச்சுருணைகளில் காலத்தால் முன்பின்னான மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இவ்வாறு மின்னோடி, மின்னாக்கி என்னும் இரண்டு பணிகளையும் ஒரே பொறி செய்கிறது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. 50 ஏர்ட்சு ஒருமுனை மின்சாரத்தின் திறன், நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. மும்முனை மின்சாரத்தின் திறனோ மாறாமல் சீராக இருக்கும். இடைவெளியை நிரப்பும் ஆற்றல், சுழலியின் எடையிலும் வேகத்திலும் சேமிக்கப்பட்டுள்ளது. ஆகவேதான் சுழல் கட்டமாற்றி கனமானதாக இருக்கிறது.

காண்டோ வடிவமைத்த கட்டமாற்றி ஒத்தியங்கு வகையைச் சேர்ந்தது. மேல்நிலைக் கம்பியின் 16,000 வோல்ட் மின்சாரம் இடையில் மின்மாற்றி எதுவுமின்றி நேரடியாக அதன் நிலையிக்குச் சென்றது. நிலையிச் சுருணைகள் எண்ணெயாலும் சுழலி நீராலும் குளிர்விக்கப்பட்டன. சுழலியின் காந்தமூட்டலைக் கூட்டிக் குறைப்பதன் மூலம் மின்திறன் காரணியை ஒன்றுக்கு அண்மையில் வைத்திருக்க முடிந்தது. இது மின்நிலையத்தின் சுமையைக் குறைத்தது.

சோதனைகளும் இடர்களும்

கட்டமாற்றி பொருத்திய முதல் எஞ்சின் 1923 இல் புடாபெஸ்டின் மேற்கு நிலையத்திலிருந்து தூனகெசி வரையிலான சோதனைப்பாதையில் ஓடத் தொடங்கியது. ஐந்து இணைச்சக்கர அச்சுகள் கொண்ட இவ்வெஞ்சின் தத்துவம் சரியே என்பதை மெய்ப்பித்தது. எனினும் நாள்தோறும் நம்பி ஓட்டும் நிலையை அது எட்டவில்லை. சிக்கலான கருவிகள் குறுகிய இடத்தில் அடைக்கப்பட்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நீண்டன. எஞ்சின் மாற்றியமைக்கப்பட்டு 1920களின் பிற்பகுதியில் மீண்டும் சோதிக்கப்பட்டது.

இதன் பயனாக வி-40 வகை எஞ்சின் உருவாயிற்று. இதில் ஒரே ஒரு பெரிய மின்னோடி மட்டுமே இருந்தது. தூண்டல் மின்னோடியின் வேகம் அதிர்வெண்ணையும் துருவங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. அதிர்வெண் 50 ஏர்ட்சு என நிலையாக இருந்தமையால், காண்டோ துருவங்களின் எண்ணிக்கையை மாற்றினார். 72, 36, 24, 18 என்னும் துருவ அமைப்புகளுக்கு முறையே மணிக்கு 25, 50, 75, 100 கிலோமீட்டர் என நான்கு நிலையான வேகங்கள் கிடைத்தன. ஒரு வேகத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்பொழுது அதிர்ச்சி ஏற்படாதவாறு நீர்ம மின்தடை பயன்பட்டது.

இறுதிக்காலம்

கான்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை வகித்த காண்டோ, 1920களில் நிர்வாகப் பணியிலிருந்து விலகித் தம் திட்டத்திலேயே முழு கவனம் செலுத்தினார். அங்கேரிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு சிறப்பித்தது. புடாபெஸ்டிலிருந்து ஆஸ்திரிய எல்லையிலுள்ள ஹெக்யெசாலோம் வரை, சுமார் 190 கிலோமீட்டர் பாதையை மின்மயமாக்க முடிவு செய்யப்பட்டது. அதற்கு மின்சாரம் வழங்கப் பான்ஹிடா அனல்மின் நிலையமும் எழுந்தது.

ஆனால் 1931 ஜனவரி 13 அன்று காண்டோ புடாபெஸ்டில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 61. அவரது எஞ்சின் பொதுப் போக்குவரத்தில் ஓடியதை அவர் காணவில்லை. அடுத்த ஆண்டான 1932 இல் கோமாரோம் வரையிலும், 1934 இல் ஹெக்யெசாலோம் வரையிலும் மின்சார இரயில்கள் ஓடத் தொடங்கின. வி-40 வகையில் 29 எஞ்சின்கள் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரும் பல ஆண்டுகள் உழைத்தன.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

காண்டோ மறைந்த அதே 1931 ஆம் ஆண்டில் சென்னை கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார இரயில் அறிமுகமானது. அது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடியது. பொது அதிர்வெண்ணில் இரயிலை இயக்கும் கொள்கை இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரான்சில் 25,000 வோல்ட் முறையாக வளர்ந்தது. இந்திய இரயில்வே 1957 இல் அதனை ஏற்றது. இந்தியாவில் அம்முறை 1959 இல் கிழக்கே கெந்த்போசி – ராஜ்கர்சவான் பகுதியில் தொடங்கியது. 1960களில் தாம்பரம் – விழுப்புரம் மீட்டர் பாதையும் அம்முறையில் மின்மயமாயிற்று.

இந்திய எஞ்சின்களில் கட்டமாற்றிக்கு நீண்டகாலப் பணி இருந்தது. டபிள்யூஏஜி-5, டபிள்யூஏஜி-7, டபிள்யூஏபி-4 முதலிய வகைகளில் சக்கரங்களை நேர்மின்னோட்ட மின்னோடிகள் சுழற்றின. ஆயினும் குளிர்விக்கும் விசிறிகள், காற்றழுத்திகள், எண்ணெய்ப் பம்புகள் ஆகியவற்றுக்கு மும்முனை மின்சாரம் தேவைப்பட்டது. அதனைத் தந்தது "ஆர்னோ" எனப்படும் சுழல் கட்டமாற்றியாகும். அது ஓடத் தவறினால் எஞ்சின் முழுவதும் நின்றுவிடும். பிற்காலத்தில் அதனிடத்தில் சுழலும் பாகமற்ற மின்னணு மாற்றிகள் பொருத்தப்பட்டன.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் சின்னசேலம் வழியாகச் செல்லும் சேலம் – விருத்தாசலம் பாதையும், உளுந்தூர்பேட்டை வழியாகச் செல்லும் விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி பாதையும் 25,000 வோல்ட், 50 ஏர்ட்சு முறையிலேயே மின்மயமாக்கப்பட்டுள்ளன. தலைக்கு மேலே ஒற்றைக் கம்பி, அதில் பொது மின்வலையின் அதிர்வெண் என்னும் காண்டோவின் அமைப்பை இவ்விடங்களில் நேரில் காணலாம்.

கல்வராயன் மலையடிவாரத்தின் கரும்பு, நெல், மரவள்ளி நிலங்களிலும், தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே, கிணற்று மின்னோடிகள் பெரும்பாலும் மும்முனை வகையாகும். ஒரு முனை விடுபட்டுப்போனால் அவை ஓடமாட்டா. ஓடிக்கொண்டிருக்கும்பொழுது விடுபட்டால் சூடேறிச் சுருணை கருகிவிடும். மின்தேக்கிகளைக் கொண்டு மூன்றாம் முனையை உண்டாக்கும் நிலைவகைக் கட்டமாற்றி இத்தகைய இடங்களில் பழக்கத்துக்கு வந்தது. இது முழுமையான மும்முனை மின்சாரம் தருவதில்லை. மின்னோடியைத் துவக்கி, குறைந்த திறனில் ஓடச் செய்கிறது.

பட்டறைகளில் மின்வழங்கல் கோளாறுகள்

மும்முனை இணைப்பு இல்லாத ஊர்களில் கடைசல் பொறிகளையும் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. எந்திரங்களையும் ஓட்டக் கட்டமாற்றி பயன்படுகிறது. பழைய கடைசல் பொறி சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். சி.என்.சி. எந்திரம் அவ்வாறன்று. மின்னழுத்தம் சற்று இறங்கினாலும் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். செதுக்கிக்கொண்டிருந்த பொருளும் வீணாகும். கோளாறைக் கண்டறியப் பின்வரும் வழிகள் பின்பற்றப்படுகின்றன. மின்பணித் தகுதி பெற்றவரே இவற்றைச் செய்தல் வேண்டும்.

* முதலில் மூன்று முனைகளுக்கிடையேயான மூன்று மின்னழுத்தங்களையும் அளக்க வேண்டும். எந்திரம் சும்மா இருக்கும்பொழுது ஒருமுறையும், தண்டு சுமையுடன் சுழலும்பொழுது ஒருமுறையும் அளத்தல் அவசியம். சுமையில்லாதபொழுது சரியாகக் காட்டும் மூன்றாம் முனை, சுமை ஏறியதும் இறங்கிவிடலாம்.

* சமமின்மையைக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 415, 410, 378 வோல்ட் என அளவுகள் இருந்தால் சராசரி 401 வோல்ட். இதிலிருந்து மிகுதியாக விலகியது 378. விலகல் 23 வோல்ட். 23 ஐ 401 ஆல் வகுத்தால் சமமின்மை சுமார் 5.7 விழுக்காடு. ஒரு விழுக்காட்டைத் தாண்டினாலே மின்னோடியின் சுமையைக் குறைக்க வேண்டும். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஓட்டுதல் தகாது. மின்னழுத்தத்தின் சிறு சமமின்மை, மின்னோட்டத்தில் பல மடங்காக வெளிப்படுவதே காரணம்.

* எந்திரத்தின் கணினி, கட்டுப்பாட்டு மின்மாற்றி, தொடுகைக்கருவிகளின் சுருணைகள் ஆகியவை எந்த முனைகளிலிருந்து மின்சாரம் பெறுகின்றன என்று பார்க்க வேண்டும். அவை மின்வாரியக் கம்பியிலிருந்து நேரே வரும் இரண்டு முனைகளில் இருத்தல் வேண்டும். கட்டமாற்றி உண்டாக்கிய முனையில் இணைந்திருந்தால், தண்டு வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் கணினி தடுமாறும்.

* தண்டு வேகமெடுக்கையில் மின்னழுத்தக் குறைவு எச்சரிக்கை வந்தால், கட்டமாற்றியின் திறன் போதவில்லை, அல்லது வரும் கம்பி மெல்லியது, அல்லது இணைப்பு தளர்ந்துள்ளது என்று கொள்ளலாம். தண்டு நிற்கும்பொழுது மின்னழுத்த மிகுதி எச்சரிக்கை வந்தால், மின்னோடி திருப்பி அனுப்பும் ஆற்றலை ஏற்க இடமில்லை என்று பொருள். அக்காலத்து இத்தாலிய எஞ்சின்கள் சரிவில் இறங்கும்பொழுது மின்சாரத்தைத் திருப்பியனுப்பியது போன்றதே இது.

* முன்பு நன்றாக இருந்து, பின்னர் மெல்லமெல்ல மூன்றாம் முனை குறைந்துவந்தால் மின்தேக்கிகளின் கொள்ளளவு குன்றியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, அவற்றின் மின்னூட்டத்தை முழுதும் வெளியேற்றிய பின்னரே சோதிக்க வேண்டும்.

* கட்டமாற்றி முழு வேகம் எட்டிய பிறகே எந்திரத்தை இணைக்க வேண்டும். முனைகள் இடம் மாறினால் பம்பும் மின்னோடியும் தலைகீழாகச் சுழலும் என்பதால் சுழற்சித் திசையையும் சரிபார்க்க வேண்டும்.

மரபும் நினைவுகளும்

காண்டோவின் கனத்த, நீர் குளிர்விக்கும் சுழல் கட்டமாற்றி பிற நாடுகளில் பெரிதும் பரவவில்லை. எண்ணெயும் நீரும் உயர் மின்னழுத்தமும் ஒரே பொறியில் கலந்திருந்தமையால் அதன் பராமரிப்பு கடினமாக இருந்தது. சக்கரத்தின் வேகம் நான்கே படிகளில் அமைந்ததும் ஒரு குறையாகவே கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தி முறை எளிதாகவே, பொறியாளர்கள் நேர்மின்னோட்ட மின்னோடிகளின் பக்கம் சென்றனர்.

எனினும் 1970களின் இறுதியிலிருந்து திறன் மின்னணுவியல் வளர்ந்தபொழுது அவரது கருத்து மீண்டும் உயிர்பெற்றது. ஒருமுனை மின்சாரத்தை வாங்கி, எஞ்சினுக்குள்ளேயே மும்முனையாக்கி, தூண்டல் மின்னோடியைச் சுழற்றும் முறை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இந்தியாவின் டபிள்யூஏஜி-9, டபிள்யூஏபி-7 எஞ்சின்கள் இவ்வாறே இயங்குகின்றன. சுழலும் இரும்பின் இடத்தைக் குறைக்கடத்திகள் பிடித்துக்கொண்டன. அதிர்வெண்ணையே விருப்பம்போல் மாற்ற முடிவதால் நான்கு வேகங்கள் என்னும் கட்டுப்பாடும் நீங்கியது.

அங்கேரியில் காண்டோவின் பெயர் பல இடங்களில் நிலைத்துள்ளது. புடாபெஸ்டிலுள்ள ஓபுடா பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் புலம் நெடுங்காலம் அவர் பெயரால் வழங்கியது. மிஷ்கோல்ட்ஸ் நகரின் திசா இரயில் நிலையத்துக்கு முன்னுள்ள சதுக்கமும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.